ரெண்டு மடிப்பு

ஆடித் தள்ளுபடி முடிந்த மறு செவ்வாய்க்கிழமை
கடை முதலாளி எல்லோரையும்
குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.
வண்ணார்பேட்டை, ஓட்டல் மாடி, ஏழரை மணி.
பேச்சித்தங்கம் அங்கிருந்தே போய்விடுவாள்.
தச்சநல்லூர் வீட்டில் நானும் பீரோக் கண்ணாடியும்.

"வேட்டி வேண்டாம்" என்றாள் போனில்.
பின்னால் யாரோ துணி கிழிக்கிற சத்தம்.
"காக்கி பேன்டும் வேண்டாம்,
மேல எதைப் போட்டாலும் அது கரண்ட்டு ஆபீஸ்தான்.
நீல ஜீன்ஸ போடுங்க.
பொங்கலுக்கு எடுத்த பச்ச லினன் சட்ட இருக்குல்லா,
இன்னும் அட்டகூட கழட்டாம வச்சிருக்கியளே, அது.
லேசாத் தேய்ங்க, அழுத்தித் தேய்க்காதிய.
லினன்னா கொஞ்சம் கசங்கித்தான் இருக்கணும்."

கசங்கி இருப்பதற்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
அவளுக்கான கழிவு போக ஆயிரத்து நானூறு.

இன் பண்ணவா என்றேன்.
"பண்ணாதிய. ஆனா பெல்ட்டு போடுங்க."
வெளியே தெரியாத பெல்ட் எதுக்கு?
"ஒங்களுக்குத் தெரியுமில்லா."

கையை மடிக்க வேண்டுமாம். ரெண்டே மடிப்பு.
முதல் மடிப்பு அகலம், அடுத்தது அதில் பாதி.
மூணாவது மடித்தால்
சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருக்குமாம்.
கட்டிங் பிளேயர் பிடிக்கிற விரல்கள்
லினனிடம் பேச்சு வாங்கின.
உறை போடும் இடம் வரை கை வெளுப்பு,
அதற்கு மேலே பதினேழு வருடத்துக் கம்பத்து வெயில்.
எந்த மடிப்பிலும் அந்தக் கோடு மறையவில்லை.

ஷூ எதிர்வீட்டு ஜெபசிங்கினுடையது.
பழுப்பு. அரை அளவு சின்னது.

கொக்கிரகுளம் பாலத்தில் காற்று
தலைமுடியை அதன் இஷ்டத்துக்கு வைத்தது,
சட்டையைக் கோணிச்சாக்காய் உப்ப வைத்தது.
ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே ஓட்டினேன்.
பாலம் இறங்கியதும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தேன்,
பழக்கம்.

மாடியில்
ஆண்கள் பிரிவில் அவளோடு நிற்கிற எட்டுப் பேரும்
உட்கார்ந்திருந்தார்கள்.
அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.
சங்கரவடிவு மட்டும்
முதலாளி கடக்கும்போதெல்லாம் பாதி எழுந்து
எழுந்ததை மறைக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

பேச்சித்தங்கம் என்னைப் பார்த்தாள்.
காலிலிருந்து தலைக்கு, தோளில் ஒரு நிமிஷம் நின்று.
நாளெல்லாம் வேறு ஆண்களுக்குக் கொடுக்கிற பார்வை அது.
ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனவன்
படியில் நின்று கேட்டிருக்கிறேன்,
கத்திரிப்பூச் சட்டையை ஒரு தொப்பைக்காரர் மார்பில் வைத்து
"ஒங்களுக்கு எடுப்பா இருக்கும் சார்" என்றாள்.
அவர் சிரித்தார்.
நான் கீழே போய் ஒரு டீ குடித்தேன்,
அப்புறம் இன்னொரு டீ.

இப்போது அந்த வாக்கியத்துக்காக நின்றேன்.
அவள் பின்னால் வந்து
"அட்ட" என்றாள்.

ஒன்றை அறுத்திருந்தேன்.
காலருக்கு உள்ளே இன்னொன்று இருந்திருக்கிறது,
பாலத்துக் காற்றில் வெளியே வந்து
வண்ணார்பேட்டை முழுக்க விலை சொல்லியிருக்கிறது.
எல்லோர் முன்னாலும் என் பிடரியில் குனிந்து
நூலைப் பல்லால் கடித்தாள்.
முதலாளி பார்க்காதது போல
அப்பளத்தை ஒடித்தார்.

பரோட்டா வந்தபோது கரண்ட் போனது.

"அண்ணாச்சி, நீங்க ஈ.பி.தான?"
ஒவ்வொன்றாக போன் வெளிச்சங்கள்
என் பச்சைச் சட்டைமேல் திரும்பின.
காதில் வழக்கமான அரிப்பு,
பியூஸா, லைனா, எந்தக் கம்பம்.
ஷூவுக்குள் கட்டைவிரல் விண்விண் என்றது.

"இன்னைக்கு டூட்டி இல்ல" என்றேன்.
சொல்லிப் பழக்கமில்லை, குரல் உடைந்தது.
யாரோ சிரித்தார்கள். வெளிச்சங்கள் அணைந்தன.

இருட்டில் என் இடது கைமேல் விரல்கள் ஏறின.
ஒன்று, ரெண்டு.
பிறகு வலது கைக்கு வந்தன.

"இதுல மூணு" என்றாள்,
ஒன்றைப் பிரித்து இறக்கினாள்.
கீழே ஜெனரேட்டரை யாரோ
இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.
அது எடுக்கவில்லை.